தீயணைப்பு வண்டி பார்க்கப் போறீங்களா? பிள்ளைகள் கற்றுக்கொண்டு வரக்கூடிய 3 விஷயங்கள்

வார இறுதி வந்துவிட்டால் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதே கேள்விதான்: "இன்னிக்கு எங்க போறோம்?"

பாலர் பள்ளி வயதில் பல பிள்ளைகளுக்கு வண்டி என்றால் உயிர். உங்களுக்குப் பிள்ளைகள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அக்கா மகனோ அண்ணன் மகளோ இருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

அவர்களை அழைத்துப் போக ஓர் இடம் ஹில் ஸ்ட்ரீட்டில் இருக்கிறது. மத்திய தீயணைப்பு நிலையத்தில் உள்ள குடிமைத் தற்காப்பு மரபுடைமைக் காட்சிக்கூடம். நுழைவு இலவசம்.

ஆனால் வண்டியைப் பார்த்தோம், படம் எடுத்தோம், வீட்டுக்கு வந்தோம் என்று முடித்துவிடாதீர்கள். வீட்டில் தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர இது நல்ல வாய்ப்பு.

அங்கே என்ன இருக்கு?

முதலில் கட்டடமே ஒரு காட்சிப்பொருள்தான். சிவப்புச் செங்கல்லும் வெள்ளைப் பூச்சும் மாறி மாறி வரும் அந்த நிலையம் 1908ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. 1998இல் தேசிய நினைவுச்சின்னமானது. இன்றும் அங்கிருந்து தீயணைப்பாளர்கள் பணிக்குப் புறப்படுகிறார்கள்.

மேலே நிமிர்ந்து கோபுரத்தைக் காட்டுங்கள். உயரமான கட்டடங்கள் இல்லாத காலத்தில் எங்கே புகை எழுகிறது என்று அங்கிருந்துதான் பார்த்தார்கள். நனைந்த நீர்க்குழாய்களைத் தொங்கவிட்டுக் காயவைக்கவும் அது பயன்பட்டது.

உள்ளே பழைய தீயணைப்பு வண்டிகள், சீருடைகள், கருவிகள். பெரிய விபத்துகளின் வரலாறும் உண்டு. 1961ஆம் ஆண்டு மே 25ஆம் தேதி புக்கிட் ஹோ சுவீயில் பரவிய தீயில் கிட்டத்தட்ட 16,000 பேர் வீடிழந்தார்கள். அத்தாப்புக் கூரை வீடுகள் நெருக்கமாக இருந்ததால் தீ வேகமாகப் பரவியது. அதன் பிறகு அடுக்குமாடி வீடுகள் கட்டும் பணி வேகமெடுத்தது. வீவக வீட்டில் வளரும் பிள்ளைக்கு இது அதன் சொந்தக் கதையும்தான்.

ஒரே ஒரு வண்டி போதும்

எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று ஓடாதீர்கள். சின்னப் பிள்ளைகள் சீக்கிரம் களைத்துவிடுவார்கள். ஒரு வண்டியின் முன்னால் நின்று கேள்வி கேளுங்கள்.

நீராவியால் இயங்கிய பழைய வண்டி அதற்கு ஏற்றது. "இந்த வண்டிய யாரு இழுத்துட்டுப் போயிருப்பாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத்தில் குதிரைகள்தான் இழுத்தன. அப்புறம் நீராவி எதற்கு? கொதிகலனில் தண்ணீர் கொதிக்கும். அந்த நீராவி பம்பை இயக்கும். பம்பு தண்ணீரைப் பீய்ச்சியடிக்கும். வீட்டில் கொதிக்கும் கெண்டியின் மூடி ஆடுவதைப் பார்த்த பிள்ளைக்கு இது சட்டென்று புரியும்.

பேசும்போது தமிழ்ச் சொற்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏணி, சக்கரம், மணி, நீர்க்குழாய், புகை. பொருளைக் கண்ணெதிரே பார்த்துக் கற்ற சொல் பாடநூலில் பார்த்த சொல்லைவிட நன்றாக மனத்தில் நிற்கும்.

சீருடையை ஏன் காட்டணும்?

இதைத் தவறவிடாதீர்கள். தீ விபத்தின்போது சின்னப் பிள்ளைகள் பயத்தில் கட்டிலுக்கு அடியிலோ அலமாரிக்குள்ளோ ஒளிந்துகொள்வது உண்டு. காப்பாற்ற வருபவரைப் பார்த்தும் பயப்படலாம். தலைக்கவசம், முகத்தை மூடிய சுவாசக் கருவி, உள்ளிருந்து வரும் மூச்சுச் சத்தம். புகைக்கு நடுவே பிள்ளையின் கண்ணுக்கு அது பூதம் மாதிரித்தான் தெரியும்.

அதனால் சீருடைக்கு முன்னால் நின்று நிதானமாகச் சொல்லுங்கள்: "இதுக்குள்ள இருக்கிறது நம்மைப் போல ஒரு ஆள்தான். உன்னைத் தேடித்தான் வர்றாங்க. ஒளிஞ்சுக்காதே, குரல் கொடு."

வீட்டுக்குக் கொண்டுவர வேண்டிய 3 விஷயங்கள்

1. எண்கள்: தீயணைப்புக்கும் அவசர மருத்துவ வண்டிக்கும் 995. கூடவே உங்கள் வீட்டின் 6 இலக்க அஞ்சல் குறியீடும் வீட்டு எண்ணும். சிங்கப்பூரில் அஞ்சல் குறியீட்டைச் சொன்னாலே எந்த புளோக் என்று தெரிந்துவிடும். தெரிந்த பாட்டு மெட்டில் பாடவைத்தால் சுலபமாக மனப்பாடமாகும்.

2. புகை வந்தால் குனி: புகை மேலே எழும். தரைக்குப் பக்கத்தில் காற்று சற்றுத் தெளிவாக இருக்கும். தவழ்ந்து வெளியே போக வேண்டும். மின்தூக்கி வேண்டாம், படிக்கட்டுதான். பொம்மையை எடுக்கத் திரும்பிப் போகவே கூடாது.

3. உடையில் தீப்பிடித்தால்: நில், படு, உருள். ஓடினால் தீ இன்னும் பெரிதாகும். இதை விளையாட்டாகவே பழகலாம்.

கிளம்பும் முன்

• திறப்பு நேரம், விடுமுறை நாள் விவரங்களைச் சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் இணையத்தளத்தில் பார்த்துவிடுங்கள். தீயணைப்பு நிலையங்களைப் பொதுமக்கள் சுற்றிப் பார்க்கும் சனிக்கிழமைத் திட்டம் பற்றியும் அங்கேயே தெரிந்துகொள்ளலாம்.
• சிட்டி ஹால் எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்தே போகலாம்.
• அவசர அழைப்பு வந்தால் வண்டிகள் சட்டென்று புறப்படும். வாசல் பகுதியில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சைரன் சத்தம் பலமாகக் கேட்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.
• பிள்ளை "போதும்" என்றால் கிளம்பிவிடுங்கள். மீதியை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.

அன்றைக்குச் சாயங்காலமே வீட்டில் ஓர் ஒத்திகை வையுங்கள். படுக்கையறையிலிருந்து வாசல்வரை பிள்ளையோடு நீங்களும் தவழ்ந்து பாருங்கள். வழியில் என்ன தடுக்கிறது? காலணி அடுக்கா, சைக்கிளா, பழைய பெட்டிகளா? இரும்புக் கதவைப் பூட்டி வைத்திருந்தால் அதன் சாவி எங்கே இருக்கிறது? இருட்டிலும் கைக்கு எட்டும் இடத்தில் இல்லையென்றால் இன்றைக்கே இடத்தை மாற்றிவிடுங்கள்.