மேட்டில் ஏறும் கழிவு

டெக்சாஸில் மகன் வீட்டில் தங்கியிருக்கும் வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். மகன் புதிதாக மோட்டார்ஹோம் வாங்கி வாசலில் நிறுத்தியிருக்கிறாராம். "படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் பெருமையாகக் காட்டினான். கடைசியில் கழிப்பறை. 'இதில் போவதெல்லாம் எங்கேடா போகும்?' என்று கேட்டேன். 'அதுக்குத்தான்ப்பா மேசரேட்டர் பம்ப் ஆர்டர் பண்ணியிருக்கேன்' என்றான். சாப்பிடும் நேரம் என்பதால் மருமகள் அதற்கு மேல் பேசவிடவில்லை. அது என்ன பம்ப்?"

கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். வீட்டைச் சக்கரத்தின் மேல் ஏற்றிவிட்டால் படுக்கையும் அடுப்பும் கூடவே வந்துவிடும். ஊர்ச் சாக்கடை மட்டும் வராது. அதைச் சென்றடையும்வரை எல்லாவற்றையும் காலடியில் சுமந்துகொண்டுதான் போயாக வேண்டும்.

குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் 'கிரே டேங்க்' என்ற தொட்டிக்குப் போகும். கழிப்பறைக்கு உரியது 'பிளாக் டேங்க்'. பெரும்பாலான வண்டிகளில் அது 100 முதல் 200 லிட்டர் வரை கொள்ளும். வழக்கமாக இதைக் காலிசெய்யப் பூமியின் ஈர்ப்புவிசையே போதும். முகாம் மைதானங்களிலும் சில நெடுஞ்சாலை ஓய்விடங்களிலும் இதற்கென்றே தரையில் ஒரு துளை வைத்திருப்பார்கள். வண்டியை அதன் பக்கத்தில் நிறுத்தி, 3 அங்குல அகலமுள்ள சுருக்குக் குழாயை மாட்டி, வால்வை இழுத்தால் ஓரிரு நிமிடத்தில் வேலை முடிந்தது. முதலில் பிளாக், பிறகு கிரே. சோப்புத் தண்ணீர் பின்னால் வந்தால் குழாயை அதுவே அலசிவிடும்.

பிளாக் டேங்க்கின் வால்வை மூடியே வைத்திருந்து, முக்கால்வாசி நிறைந்த பிறகுதான் திறக்க வேண்டும். சோம்பல்பட்டுத் திறந்தே விட்டால் நீர் மட்டும் ஓடிப்போய், கெட்டியானது தங்கிக் கூம்பாகக் குவிந்துவிடும். மோட்டார்ஹோம்காரர்கள் அதற்குப் 'பிரமிட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதைக் கலைக்கும் முறைகளை விவரித்தால் ஆசிரியர் இந்தப் பக்கத்தையே நிறுத்திவிடுவார்.

ஈர்ப்புவிசையிடம் ஒரு குறை உண்டு. கீழ்நோக்கித்தான் வேலை செய்யும். துளை வண்டியைவிடத் தாழ்வாகவும் பக்கத்திலும் இருக்க வேண்டும். வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்கு இந்த இரண்டும் வாய்ப்பது அபூர்வம். அமெரிக்க வீடுகளில் சாக்கடைக் குழாயில் அடைப்பெடுக்க மூடிபோட்ட வாய் ஒன்று இருக்கும். அது பின்பக்கத் தோட்டத்தில், வாசலைவிட நாலடி உயரத்தில், 20 மீட்டர் தள்ளி இருந்தால் 3 அங்குலக் குழாய் என்ன செய்யும்? இங்கேதான் மேசரேட்டர் வருகிறது. கெட்டியை அரைத்து நீர்மமாக்கிவிட்டால், அகலக் குழாய் தேவையில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் அளவுள்ள குழாயே போதும். தூரம் போகும், மேட்டிலும் ஏறும்.

இந்த யோசனை சாலையில் பிறந்ததல்ல, படகிலிருந்து வந்தது. படகின் கழிவுத் தொட்டி பெரும்பாலும் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும். அங்கே வால்வைத் திறந்தால் கழிவு வெளியே போவதற்குப் பதில் கடல் உள்ளே வரும். ஆகவே பம்ப் இல்லாமல் முடியாது. அரைத்துவிட்டால் போதும், எங்கே வேண்டுமானாலும் ஊற்றலாம் என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்கக் கரையிலிருந்து 3 கடல்மைலுக்குள் சுத்திகரிக்காத கழிவைப் படகுகள் விடக்கூடாது. பெரிய கப்பல்களுக்கு, கப்பல்கள் கடலை மாசுபடுத்துவதைத் தடுக்கும் மார்ப்போல் உடன்படிக்கையின் நான்காம் இணைப்பு இருக்கிறது; அந்த இணைப்பு 2003இல் நடைமுறைக்கு வந்தது. அரைத்துக் கிருமிநீக்கம் செய்த கழிவென்றால் 3 கடல்மைலுக்கு அப்பால், அப்படியே விடுவதென்றால் 12 கடல்மைலுக்கு அப்பால். அதுவும் கப்பல் நகர்ந்துகொண்டிருக்கும்போது, கொஞ்சம் கொஞ்சமாக. ஒன்பது கடல்மைல் வித்தியாசம்! அரைத்துக் கிருமி நீக்குவதற்குக் கடல் சட்டம் கொடுத்திருக்கும் மரியாதை அது.

பம்ப்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு புறம் வண்டியின் பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் மோட்டார். மறுபுறம் தொட்டியின் வாயில் திருகி மாட்டும் அகல முனை. உள்ளே ஒரே தண்டில் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். வாசலில் துருப்பிடிக்காத எஃகுக் கத்தி. உள்ளே வருவதை அது ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் துகள்களாக்கும். கத்தியைத் தாண்டினால் ரப்பர் சக்கரம். நிமிடத்துக்குச் சுமார் 45 லிட்டர் தள்ளும். 150 லிட்டர் தொட்டி நாலு நிமிடத்துக்குள் காலி.

எல்லோரும் கத்தியைத்தான் வியக்கிறார்கள். எனக்கு அந்த ரப்பர் சக்கரத்தின் மேல்தான் மோகம். சாதாரணக் கிணற்று மோட்டாரின் சக்கரம் உலோகத்தில் விறைப்பாக இருக்கும். கூட்டுக்குள் எதையும் உரசாமல் சுழன்று, வேகத்தால் நீரை வீசும். அதில் காற்று புகுந்துவிட்டால் வீண். முதலில் தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றினால்தான் இழுக்கும். ரப்பர் சக்கரம் வேறு சாதி. அதன் இதழ்கள் நீளம் கொஞ்சம் கூடுதலாக வைத்துச் செய்யப்பட்டவை. கூட்டின் சுவரை எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். அந்தக் கூடும் முழு வட்டமல்ல. வேண்டுமென்றே ஒரு பக்கம் சுவரைத் தடிப்பாக்கியிருப்பார்கள். நெரிசலான டவுன் பஸ்ஸில் இறங்கும் படியை நோக்கிப் போகும்போது குறுகலான இடத்தில் முழங்கைகளை மடக்கிக்கொள்வோம், அகலம் கிடைத்ததும் விரித்துக்கொள்வோம். இதழ்களும் அப்படித்தான். தடித்த இடம் வந்ததும் மடங்கும், தாண்டியதும் நிமிரும். நிமிரும்போது இரண்டு இதழ்களுக்கு இடையே உள்ள அறை அகலும், அங்கே வெற்றிடம் உண்டாகும், கழிவு தானாக உள்ளே இழுக்கப்படும். அந்த அறை ஒரு சுற்று சுற்றித் தடித்த இடத்துக்கு மறுபடி வந்ததும் சுருங்கும். உள்ளே இருந்தது பிதுங்கி வெளியேறும். வால்வு கிடையாது, பிஸ்டன் கிடையாது. வளையத் தெரிந்த ஒரு ரப்பர்த் துண்டும், வட்டம் கெட்ட ஒரு கூடும் சேர்ந்து ஒரு பம்ப். காற்றைக்கூடக் கொஞ்சம் இழுத்துத் தள்ளும் என்பதால், தண்ணீர் ஊற்றித் தயார்செய்ய வேண்டிய அவசியமுமில்லை.

இந்தச் சாமர்த்தியத்துக்கு விலை உண்டு. எப்போதும் உரசும் ரப்பருக்கு நீர்தான் எண்ணெய். தொட்டி காலியான பிறகும் மோட்டார் ஓடினால் இதழ்கள் உலர்ந்து, சூடேறி, நுனி கிழியும். அதற்கு அதிக நேரம் ஆகாது. கிழிந்த துண்டு குழாயில் போய் அடைத்துக்கொள்வது அடுத்த கூத்து. பழகியவர்கள் காதை வைத்துத்தான் வேலை செய்வார்கள். கழிவு ஓடும்வரை மோட்டார் கனத்த குரலில் முனகும். காற்று புகுந்ததும் குரல் மெலிந்து மேலேறும். அந்த நொடி சுவிட்சிலிருந்து விரல் விலக வேண்டும். காதை நம்பாதவர்கள் பம்ப்புக்கு முன்னால் கண்ணாடிபோல் ஒளி புகும் முழங்கைக் குழாய் ஒன்றை மாட்டிக்கொள்கிறார்கள். பார்க்க ரசனையான காட்சியல்ல, ஆனால் சக்கரம் பிழைக்கும்.

மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் இதழ்கள் சுவரில் ஒட்டிக்கொள்வதும் உண்டு. அப்போது மோட்டார் உறுமும், சுற்றாது. சில பம்ப்புகளில் மோட்டாரின் பின்புறம் ஸ்க்ரூடிரைவர் நுழையும் பள்ளம் வைத்திருப்பது இதற்காகத்தான். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, கையால் அரைச் சுற்று திருகினால் விட்டுக்கொடுத்துவிடும்.

ஒட்டிக்கொண்ட சக்கரத்தை இப்படி விடுவித்துவிடலாம். வெட் வைப்ஸ் புகுந்துவிட்டால் அது நடக்காது. கழிப்பறைக் காகிதம் தண்ணீரில் கரைவதற்கென்றே செய்யப்பட்டது. ஒரு பாட்டிலில் நீர் நிரப்பி அதைப் போட்டுக் குலுக்கினால் நாராகப் பிரிந்துவிடும். அதே பாட்டிலில் ஒரு வெட் வைப்ஸைப் போட்டு எவ்வளவு குலுக்கினாலும் அது துணிபோல அப்படியே கிடக்கும். உறையில் 'கழிப்பறையில் போடலாம்' என்று அச்சிட்டிருப்பவற்றில் பலவும் இப்படித்தான். கழிப்பறைக் குழி வழியாக எது போகுமோ அதையெல்லாம் போடலாம் என்றால் கைக்கடிகாரத்தைக்கூடப் போடலாமே! மேசரேட்டரின் கத்தியில் வெட் வைப்ஸ் சுற்றிக்கொண்டால் மோட்டார் திணறி ஃபியூஸ் போகும். பெரிய அளவில் என்ன ஆகும் என்பதை லண்டன் பார்த்துவிட்டது. 2017இல் வைட்சாப்பல் பகுதிச் சாக்கடையில் வெட் வைப்ஸும் சமையல் கொழுப்பும் சேர்ந்து இறுகிய ஒரு பாறையைக் கண்டுபிடித்தார்கள். 250 மீட்டர் நீளம், 130 டன் எடை. அதில் ஒரு துண்டை மறு ஆண்டு அருங்காட்சியகத்தில் வைத்தார்கள்.

அடைத்த கத்தியை விடுவிக்க யாராவது கையை விட்டாக வேண்டும். மோட்டார்ஹோமில் அது போட்டவரின் கையாகவே இருக்கும், அந்த மட்டில் நியாயம். நம் ஊரில் அடைப்பெடுக்க இறங்குவது யார் என்பதையும், மனிதக் கழிவை மனிதர் கையால் அகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகும் அவர்கள் ஏன் இறங்குகிறார்கள் என்பதையும் வெட் வைப்ஸ் வாங்குகிற யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை.

நாற்றத்தை அடக்கத் தொட்டியில் ஊற்றும் நீலத் திரவத்திலும் கவனம் வேண்டும். சிலவற்றில் ஃபார்மால்டிஹைடு இருக்கும். அது நுண்ணுயிர்களைக் கொல்லும், நாற்றமும் அடங்கும். ஆனால் முகாம் மைதானத்தின் செப்டிக் டேங்க்கில் கழிவைச் சிதைப்பவையும் அதே நுண்ணுயிர்கள்தான். ஒருவர் வண்டியில் மூக்குக்குக் கிடைத்த நிம்மதியால் மைதானத்தின் செப்டிக் டேங்க் செத்துப்போகும். கலிஃபோர்னியா இத்தகைய திரவங்களின் விற்பனையையே தடைசெய்திருக்கிறது.

கீழே ஒரு துளை தெரிந்தால் போதும், திறந்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்குச் சிகாகோவை நினைவூட்டுகிறேன். 2004 ஆகஸ்ட் 8 அன்று டேவ் மேத்யூஸ் பேண்ட் என்ற இசைக்குழுவின் பேருந்து ஒன்று கின்சி தெருப் பாலத்தின் மேல் போகும்போது ஓட்டுநர் கழிவுத் தொட்டியைத் திறந்துவிட்டார். பாலத்தின் தளம் இரும்புக் கம்பி வலை. அந்த நேரம் பார்த்துக் கீழே ஆற்றில் ஒரு சுற்றுலாப் படகு. நகரத்துக் கட்டடங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் மீது சுமார் 360 கிலோ கழிவு கொட்டியது. ஓட்டுநர் பின்னர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இசைக்குழு 2,00,000 டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது.

வாசகரின் மகன் பம்ப் வாங்கியது வாசலில் பயன்படுத்தத்தான் என்றால் நல்ல முடிவு. வீட்டுச் சாக்கடையில் விட அந்த நகராட்சி அனுமதிக்கிறதா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளட்டும், ஊருக்கு ஊர் விதி மாறும். மழைநீர் வடிகாலில் மட்டும் கூடவே கூடாது. அது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகாமல் நேரே ஓடைக்குப் போய்ச் சேரும். குழாயின் மறுமுனையைக் கட்டாமல் சுவிட்சைப் போட வேண்டாம். அழுத்தத்தில் அது பாம்பாகத் துள்ளும், பிறகு மருமகளுக்குப் பதில் சொல்ல முடியாது. அந்தக் குழாயில் அடையாளத்துக்கு ஒரு சிவப்பு நாடா சுற்றி, குடிநீர்க் குழாயோடு சேராமல் தனிப் பெட்டியில் வைக்க வேண்டும். உதிரி ரப்பர் சக்கரம் ஒன்று கையிருப்பில் இருக்கட்டும். பழைய 3 அங்குலக் குழாயையும் தூக்கிப் போட வேண்டாம். முகாம் மைதானத்துத் துளை பக்கத்திலேயே இருந்தால் பம்ப்பைவிட அதுதான் வேகம், பேட்டரியும் வேண்டாம்.

டெக்சாஸில் குளிர் இல்லை என்று யாராவது சொன்னால் அந்த மாநிலத்தையே உறையவைத்த 2021 பிப்ரவரியைக் கேட்கச் சொல்லுங்கள். பம்ப்பில் தங்கிய கொஞ்சம் நீர் உறைந்தாலும் கூடு விரிசல் விடும். குளிர்காலத்துக்கு முன் தொட்டிகளைக் கழுவிவிட்டு, மோட்டார்ஹோம்களுக்கென்றே விற்கும் இளஞ்சிவப்பு உறைதடுப்பியை ஊற்றி, குழாயின் மறுமுனையில் அந்த நிறம் தெரியும்வரை ஒரு தரம் ஓட்டி நிறுத்தினால் போதும்.