காற்றோடு போன ஒளிபரப்பு: டூமொன்ட் நிறுவனத்தின் கதை

அச்சேறிய எழுத்து, எழுதியவர் மறைந்த பின்னரும் எங்கேனும் ஒரு நூல்நிலையத்தில் ஒரு பிரதியாவது எஞ்சி நிற்கும். வானலையில் ஏறிய சொல்லுக்கு அப்பேறு எளிதிற் கிட்டுவதில்லை. வானொலி, தொலைக்காட்சி ஆகியவற்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலிற் காணும் இடர் இதுவேயாகும். அமெரிக்காவில் 1946 முதல் 1956 வரை இயங்கி மறைந்த டூமொன்ட் தொலைக்காட்சி நிறுவனத்தின் கதை இதற்குத் தக்க சான்றாக அமைகின்றது.

நிறுவனத்தைத் தோற்றுவித்த அலன் டூமொன்ட் ஒரு பொறியியலாளர். இளமையில் இளம்பிள்ளைவாதத்தினாற் படுக்கையிற் கிடந்த நாட்களில் வானொலிக் கருவிகளின்மீது பற்றுக்கொண்டவர். தொலைக்காட்சிப் பெட்டிக்கு உயிர்நாடியான கதோட்டுக் கதிர்க் குழாய் அக்காலத்தில் அற்ப வேளையே உழைத்தது. அதன் ஆயுளைப் பெருக்கும் நோக்குடன் அவர் 1931இல், நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள தமது வீட்டுக் கராஜிலே ஓர் ஆய்வுகூடத்தை அமைத்தார். 1938இல் தொலைக்காட்சிப் பெட்டிகளை விற்பனைக்கு விட்டார். பெட்டி வாங்கியவர் பார்ப்பதற்கு நிகழ்ச்சியும் வேண்டுமல்லவா? ஆகவே ஒளிபரப்பிலும் இறங்கினார். 1946இல் அவருடைய நியூயோர்க், வாஷிங்டன் நிலையங்கள் ஒன்றாக இணைக்கப்பட்டன. 1949இல் பிற்ஸ்பேர்க் நகரில் மூன்றாவது நிலையம் எழுந்தது.

அவருடன் போட்டியிட்ட என்.பி.சி., சி.பி.எஸ்., ஏ.பி.சி. ஆகிய மூன்றும் வானொலியின் மடியில் வளர்ந்தவை. என்.பி.சி. 1926இலும், சி.பி.எஸ். 1927இலும் தோன்றின. 1943இல் என்.பி.சி.யிடமிருந்து விலைக்கு வாங்கப்பட்ட ஒரு வானொலிக் கிளையே பின்னர் ஏ.பி.சி. ஆயிற்று. வானொலி விளம்பரத்தால் வந்த பணம் தொலைக்காட்சியின் தொடக்க நட்டத்தைத் தாங்கிற்று. வானொலியிற் புகழ்பெற்ற கலைஞர்களும், பல நகரங்களில் வானொலி நிலையம் நடத்தியோரின் நீண்டநாள் உறவும் அவற்றுக்குத் துணைநின்றன. டூமொன்டுக்கோ அத்தகைய வானொலிப் பின்பலம் இருக்கவில்லை. பெட்டி விற்ற இலாபமே அதன் முதலாயிற்று.

கையிற் பொருள் குறைந்தவிடத்துப் புதுமை தலையெடுத்தது. ஜக்கி கிளீசன் என்னும் நகைச்சுவை நடிகர் பெயர்பெற்றதும், அவருடைய புகழ்வாய்ந்த 'ஹனிமூனர்ஸ்' நாடகத் துணுக்கு 1951இல் முதன்முதல் அரங்கேறியதும் இங்கேதான். மறுவருடமே சி.பி.எஸ். அவரை அதிக ஊதியங் கொடுத்து அழைத்துக்கொண்டது. 1952இல் கத்தோலிக்க மேற்றிராணியார் புல்டன் ஷீன் ஒரு கரும்பலகையை மாத்திரம் துணையாகக் கொண்டு ஆற்றிய அறவுரைகளை நாடே இருந்து கேட்டது. ஹேசல் ஸ்கொட் என்னும் இசைக் கலைஞர் 1950இல் இங்கு நிகழ்ச்சி நடத்தினார். அமெரிக்கத் தொலைக்காட்சி வலையமைப்பொன்றில் தமக்கென ஒரு நிகழ்ச்சியைப் பெற்ற முதற் கறுப்பினப் பெண்மணிகளுள் அவரும் ஒருவர். 1951இல் சீன வமிசத்தவரான அனா மே வொங் ஒரு தொடரின் தலைமைப் பாத்திரமேற்று நடித்தார்.

ஆயினும் துணிவு எப்பொழுதும் நிலைத்ததெனக் கூறுவதற்கில்லை. கம்யூனிஸ்ட் சார்பினர் என்ற பழிக்கு ஆளான ஹேசல் ஸ்கொட், பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் குழுமுன் தோன்றித் தம் நிலையை எடுத்துரைத்த சில நாட்களில் அவருடைய நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. 1954இலோ காட்சி மாறிற்று. இராணுவத்துக்கும் செனட்டர் மக்கார்த்திக்குமிடையே எழுந்த பிணக்குப் பற்றிய செனட் சபை விசாரணையை டூமொன்டும் ஏ.பி.சி.யும் நேரடியாக முழுமையும் காட்டின. பகல் வேளையில் விட்டுக்கொடுக்க அவற்றிடம் பெரிய நிகழ்ச்சிகள் இல்லாமையும் அதற்கு ஒரு காரணம். பிறரைக் குற்றஞ்சாட்டியே பேரெடுத்த மக்கார்த்தியின் போக்கை மக்கள் தம் வீட்டிலிருந்தே கண்டனர். அவருடைய செல்வாக்கு அதன்பின் சரிந்தது.

நிறுவனத்தின் வீழ்ச்சிக்கு வறுமையோடு சட்டமும் துணைபோயிற்று. ஒளிபரப்பை ஒழுங்குசெய்த சமஷ்டித் தொடர்பு ஆணைக்குழு, 1948 முதல் 1952 வரை புதிய நிலையங்களுக்கு அநுமதி வழங்குவதை நிறுத்தி வைத்தது. அதனாற் பல நகரங்களில் ஓரிரு நிலையங்களே இருந்தன. அவை என்.பி.சி.யையும் சி.பி.எஸ்.ஸையும் நாடின. தடை நீங்கிய பின் திறக்கப்பட்ட புதிய நிலையங்கள் பலவற்றுக்கு அதியுயர் மீடிறன் வரிசையே கிடைத்தது. அதனை வாங்கும் வசதி அன்றைய பெட்டிகளிற் பெரும்பாலானவற்றில் இல்லை. மேலும், ஹொலிவூட்டின் பரமவுண்ட் நிறுவனம் டூமொன்டிற் பங்கு கொண்டிருந்தது. அதனால் ஒருவர் ஐந்து நிலையங்களுக்கு மேல் வைத்திருக்கலாகாது என்ற விதியின்படி, பரமவுண்டின் நிலையங்களும் டூமொன்டின் கணக்கிற் சேர்க்கப்பட்டன. இவ்வாறு மூன்று நிலையங்களோடு அதன் வளர்ச்சி தடைப்பட்டது. 1953இல் ஏ.பி.சி. ஒரு செல்வம் மிக்க திரையரங்க நிறுவனத்தோடு இணைந்து வலுப்பெற்றது. 1954இன் இறுதியில் டூமொன்ட் தனது பிற்ஸ்பேர்க் நிலையத்தை 97½ இலட்சம் டொலருக்கு விற்க உடன்பட்டது. 1956 ஆகஸ்ட் 6ஆம் திகதி ஒரு குத்துச்சண்டைக் காட்சியோடு அந்த வலையமைப்பு ஓய்ந்தது.

இதனினும் பெரிய இழப்புப் பின்னரே நேர்ந்தது. திரையின் முன் சினிமாக் கமராவை நிறுத்தி நிகழ்ச்சிகளைப் படச்சுருளிற் பதிந்துவைக்கும் முறை அக்காலத்தில் இருந்தது. 1996இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் நடத்திய விசாரணையொன்றில் நடிகை ஈடி அடம்ஸ் சாட்சியமளித்தார். 1970களின் தொடக்கத்தில், இச்சுருள்களைப் பேணும் செலவை யார் ஏற்பது என்ற பிணக்குத் தோன்றிற்றாம். அதைத் தீர்க்கவென ஒரு சட்டத்தரணி அவற்றை மூன்று பார லொறிகளில் ஏற்றிச் சென்று, படகு மூலம் நியூயோர்க் குடாவிற் கொட்டுவித்தாரென அவர் கூறினார். பத்தாண்டு உழைப்பிற் சிறு பகுதியே இன்று எஞ்சியுள்ளது. ஹேசல் ஸ்கொட்டின் நிகழ்ச்சியிலோ அனா மே வொங்கின் தொடரிலோ ஒரு சுருள்தானும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

போட்டியில் தோற்பது வியாபாரத்தின் இயல்பு. அத்தோல்வியை எவரும் பாதகமெனக் கொள்ளார். ஆனால், ஒரு சமுதாயம் தான் கண்டதையும் கேட்டதையும் காவற்கூலிக்கு அஞ்சிக் கைவிடுமாயின், அடுத்த தலைமுறைக்கு அதன் வரலாற்றிற் பாதி இல்லாமற் போய்விடும். அனா மே வொங் சிறுதிரையில் எவ்வாறு தோன்றினார் என்பதை அறிய விரும்பும் மாணவன், அக்காலப் பத்திரிகைகளின் நிகழ்ச்சி நிரல்களையும் விமரிசனங்களையுமே புரட்ட வேண்டியவனாகின்றான். அவர் பேசிய குரலை அந்தக் கடதாசிகள் அவனுக்குக் கேட்பிக்கப் போவதில்லை.