தடுப்பூசி நாளின் விதிகள்

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்த சிற்றூர் பொம்மையார்பாளையம். விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூரில் கடலை நம்பி வாழும் குடும்பங்கள் பல. விடியற்காலையில் கரை சேரும் படகுக்குக் காத்திருந்து, மீனைக் கூடையில் ஏற்றி விற்கச் செல்லும் தாய்க்கு ஒவ்வொரு நாழிகையும் கூலியேயாம். அத்தகைய தாய் ஒருத்தி வியாழக்கிழமை கைக்குழந்தையுடன் சுகாதார நிலையத்தை அடைந்து, "நேற்று வந்திருக்க வேண்டும், அம்மா, அடுத்த புதன்கிழமை வாருங்கள்" என்னும் விடையைப் பெறுவாளாயின், அவள் உள்ளம் நோவது இயல்பே. ஒரு நாள் தாழ்ந்ததற்குக் குழந்தையைத் திருப்பி அனுப்புவதா என்று எவருக்கும் கேட்கத் தோன்றும்.

தமிழ்நாட்டு அரசின் ஆரம்ப சுகாதார நிலையங்களும் துணை நிலையங்களும் தடுப்பூசிக்கெனப் புதன்கிழமையைக் குறித்து வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. தடுப்பு மருந்து வெப்பத்தைத் தாங்காது. 2 முதல் 8 டிகிரி வரையுள்ள குளிரிலேயே அதனைக் காத்தல் வேண்டும். சிற்றூருக்கு அஃது பனிக்கட்டிப் பைகள் வைத்த பெட்டியில் வருகிறது. தட்டம்மைக்கும் காசநோய்க்கும் உரிய மருந்துகளோ தூளாக இருப்பவை. அவற்றை நீர்மத்தில் கரைத்தபின் நான்கு மணி நேரத்திற்குள் பயன்படுத்த வேண்டும். எஞ்சியதை எறிந்துவிட வேண்டும். ஒரு குப்பி பல குழந்தைகளுக்குப் போதுமானது. ஆகவே, குழந்தைகள் ஒரே நாளில் கூடினால் மருந்து வீணாகாது.

அட்டையின்றி வரலாகாது என்பது மற்றொரு விதி. பிறந்த 6, 10, 14 ஆகிய வாரங்களில் போடப்படும் ஊசி தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி முதலிய ஐந்து நோய்களைத் தடுப்பது. இத்தவணைகளுக்கு இடையே நான்கு வாரமேனும் கழிதல் வேண்டும். எத்தவணை முடிந்தது, என்று முடிந்தது என்பதைத் தாயின் நினைவு தவறவிடலாம், அட்டை தவறவிடாது. தவணை தவறினும் முதலிலிருந்து தொடங்க வேண்டுவதில்லை; விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வியாழனன்று திரும்பிய தாய் அஞ்ச வேண்டா. ஆனால் அடுத்த புதனையும் தவற விடலாகாது.

ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே அமர்ந்திருக்க வேண்டும் என்னும் விதியே தாய்மார்களுக்குப் பெரிதும் கடினமாகத் தோன்றுவது. மிக அரிதாகச் சில குழந்தைகளுக்கு மருந்து ஒவ்வாமல் மூச்சுத் திணறலோ மயக்கமோ உண்டாகும். அது பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தோன்றும். செவிலியர் அருகிருப்பின் உடனே மாற்று மருந்து கொடுத்துக் காப்பர். குழந்தை பேருந்தில் இருப்பின் யார் காப்பர்? சிறு சளி இருக்கிறது என்று ஊசியைத் தள்ளிப்போடுவதும் தேவையற்றது. கடுமையான காய்ச்சலாயின் ஒத்திவைப்பர்.

ஒருவர் தவறினால் அவர் குழந்தைக்கு மட்டுமே தீங்கு என்று எண்ணலாகாது. தட்டம்மைக்குரிய முதல் ஊசி ஒன்பது மாதம் நிறைந்தபின்னரே போடப்படும். அதற்கு முன்னுள்ள பச்சிளங்குழந்தைக்குப் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் போட்டுக்கொண்ட ஊசியே அரண். இவ்வாறு ஊரெல்லாம் சேர்ந்து முயன்றதனால் இளம்பிள்ளை வாதம் இந்நாட்டை விட்டு நீங்கியது. 1995-ஆம் ஆண்டு நாடு முழுதும் சொட்டு மருந்து இயக்கம் தொடங்கியது. 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்தில் ஒரு குழந்தைக்குக் கண்டதே அந்நோயின் கடைசி நிகழ்ச்சி. 2014 மார்ச்சில் இந்தியா அந்நோயற்ற நாடெனச் சான்று பெற்றது.

தவணைகள் கைக்குழந்தைப் பருவத்தோடு முடிவதில்லை. ஐந்து வயதுக்கு மேல் ஓர் ஊசியும், 10, 16 ஆகிய வயதுகளில் ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் உரிய ஊசிகளும் உண்டு. ஆதலால், உயர்நிலைப் பள்ளியில் பயிலும் மாணவனின் அட்டையும் அவன் வீட்டுப் பெட்டியில், குடும்ப அட்டையோடு இன்னும் இருத்தல் வேண்டும்.