ஆஸ்பத்திரி வீடியோவைப் பார்த்த ஃபெராரி டீம்... ஐ.சி.யூ-வில் வந்த மாற்றம்!

ஆபீஸில் டீம் ஒர்க்குக்கு வீடியோ உதவும் என்றால், உடனே ஜூம் மீட்டிங்தான் ஞாபகத்துக்கு வரும். பாதிப் பேர் கேமராவை ஆஃப் செய்துவிட்டு, ஒருவர் மட்டும் பேசிக்கொண்டிருப்பாரே, அதே மீட்டிங்! ஆனால், தங்கள் வேலையைத் தாங்களே படம் பிடித்து, எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பது என்று இன்னொரு வழியும் இருக்கிறது. லண்டனில் உள்ள ஒரு குழந்தைகள் மருத்துவமனை அந்த வழியில் போனது. அங்கே அப்போது பணயத்தில் இருந்தது, கைக்குழந்தைகளின் உயிர்.

1852-ல் தொடங்கப்பட்ட கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனை, குழந்தைகளுக்கான இதய அறுவை சிகிச்சைக்கு உலக அளவில் பேர்பெற்றது. ஆபரேஷன் முடிந்ததும் குழந்தையை தியேட்டரிலிருந்து ஐ.சி.யூ-வுக்கு மாற்ற வேண்டும். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதானே என்று தோன்றும். ஆனால், அந்தக் குழந்தையின் உடம்பில் எத்தனை வயர், எத்தனை டியூப்! மூச்சுக்கு வென்டிலேட்டர், துடிப்பைக் காட்டும் மானிட்டர், அளந்து அளந்து மருந்து செலுத்தும் பம்ப்புகள், நெஞ்சிலிருந்து ரத்தத்தை வடிக்கும் குழாய்கள். தியேட்டரில் இவற்றைக் கழற்றி, கூடவே எடுத்துச் செல்லும் கருவிகளில் மாட்ட வேண்டும். ஐ.சி.யூ போனதும் மறுபடி கழற்றி, அங்குள்ள கருவிகளில் மாட்ட வேண்டும். எல்லாம் கால் மணி நேரத்துக்குள்.

கூடவே தகவலும் கைமாற வேண்டும். என்ன ஆபரேஷன், எவ்வளவு ரத்தம் போனது, எந்த மருந்து எவ்வளவு ஓடுகிறது, இன்று இரவு எதைக் கவனிக்க வேண்டும் என்பதையெல்லாம் சர்ஜனும் மயக்க மருந்து டாக்டரும் சொல்ல, ஐ.சி.யூ டாக்டரும் நர்ஸுகளும் கேட்டுக்கொள்ள வேண்டும். கை ஒரு பக்கம் வயரை மாட்டிக்கொண்டிருக்க, வாய் பேச, காது கேட்க... நம் வீட்டில் கல்யாணத்துக்குக் கிளம்பும் காலை நேரத்தை நினைத்துக்கொள்ளலாம். சாவி யாரிடம் என்று எல்லோரும் கேட்பார்கள். எல்லோரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள்.

இதே மருத்துவமனையின் சர்ஜன் மார்க் டி லெவால், இதற்கு முன்பே ஓர் ஆய்வு செய்திருந்தார். பிரிட்டனின் 16 மையங்களில் நடந்த, பச்சிளங் குழந்தைகளுக்கான 243 இதய அறுவை சிகிச்சைகள் அதில் அலசப்பட்டன. பெரிய தவறு நடந்தால் டீம் உடனே சுதாரித்துச் சரிசெய்ய முனைகிறது. கண்ணில் படாத சின்னச் சின்னப் பிசகுகள்தான் ஒன்றுமேல் ஒன்றாகச் சேர்ந்து ஆபத்தாகின்றன என்றது அந்த ஆய்வு. கண்ணில் படாததை எப்படிக் கண்ணில் படவைப்பது?

டி.வி-யில் ஓடிய ரேஸ்

சர்ஜன் மார்ட்டின் எலியட், ஐ.சி.யூ டாக்டர் ஆலன் கோல்ட்மேன் இருவரும் ஒருநாள் நீண்ட வேலைக்குப் பிறகு களைத்துப்போய் டி.வி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஓடிக்கொண்டிருந்தது ஃபார்முலா 1 ரேஸ். கார் உள்ளே வருகிறது. ஏறக்குறைய 20 பேர் சூழ்கிறார்கள். நான்கு டயரையும் மாற்றி, பெட்ரோலும் நிரப்பி, ஏழு விநாடிகளில் வெளியே அனுப்புகிறார்கள். (இப்போது ரேஸின் நடுவே பெட்ரோல் போடுவது கிடையாது. டயர் மட்டும் என்பதால் 2 விநாடிகளிலேயே முடித்துவிடுகிறார்கள்.) நாம் செய்வதும் இதைத்தானே என்று இருவருக்கும் உறைத்தது.

ஃபெராரி டீமைத் தொடர்புகொண்டார்கள். இத்தாலியின் மரனெல்லோவில் உள்ள அவர்கள் இடத்துக்கே போனார்கள். போகும்போது வெறுங்கையோடு போகவில்லை, குழந்தையை ஐ.சி.யூ-வுக்கு மாற்றும் காட்சியைப் படம் பிடித்து எடுத்துப்போனார்கள். உலகப் புகழ்பெற்ற டாக்டர்கள், தங்கள் குளறுபடியை மெக்கானிக்குகளிடம் போட்டுக் காட்டியதுதான் இந்தக் கதையிலேயே துணிச்சலான காரியம்.

ஃபெராரியின் டெக்னிக்கல் மேனேஜர் நைஜல் ஸ்டெப்னிக்கு அந்த வீடியோ அதிர்ச்சியாக இருந்தது. மருத்துவம் தெரியாதவர் என்பதால், அவருக்கு நோய் தெரியவில்லை. மனிதர்களின் நடமாட்டம் மட்டும்தான் தெரிந்தது. ஒரே நேரத்தில் பல பேச்சுகள் ஓடுகின்றன. இங்கே யார் தலைமை என்பது படத்தைப் பார்த்தால் புரியவே இல்லை. ரேஸ் டீமில் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. அப்போதெல்லாம் காருக்கு முன்னால் நீளக் கம்பில் பலகையோடு ஒருவர் நிற்பார். மிட்டாய்க் குச்சி மாதிரி இருப்பதால் அவருக்கு 'லாலிபாப் மேன்' என்று பெயர். அவர் பலகையைத் தூக்கினால்தான் கார் நகரும். மற்றவர்கள் பேசுவதே இல்லை. அவரவர் வேலை அவரவருக்குத் தெரியும்.

அந்த ஒருவரின் சைகை எவ்வளவு முக்கியம் என்பது பின்னாளில் ஃபெராரிக்கே தெரிந்தது. 2008-ல் பலகைக்குப் பதில் சிக்னல் விளக்கு வைத்தார்கள். அந்த ஆண்டு சிங்கப்பூர் ரேஸில் பச்சை விளக்கு முந்திக்கொண்டு எரிய, முதலிடத்தில் இருந்த ஃபெலிப்பே மாஸா பெட்ரோல் குழாயையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மெக்கானிக்குகள் பின்னாலேயே ஓடிப்போய்க் குழாயைப் பிடுங்கினார்கள். அந்த சீசனில் சாம்பியன் பட்டம் அவர் கையைவிட்டுப் போனது 1 புள்ளியில்!

யார் எங்கே நிற்பது?

வீடியோவில் கண்டதை வைத்து மருத்துவமனை புது முறை ஒன்றை வகுத்தது. விமானிகள் இருவரிடமும் ஆலோசனை கேட்டார்கள். இனி மாற்றும் நேரம் முழுக்க மயக்க மருந்து டாக்டர்தான் தலைமை. தகவல் சொல்லி முடிந்ததும் அந்தப் பொறுப்பு ஐ.சி.யூ டாக்டருக்குப் போகும். முதலில் கருவிகளை மாட்டும் வேலை மட்டும். வென்டிலேட்டர் யார், மானிட்டர் யார், குழாய்கள் யார் என்பது முன்பே முடிவாகியிருக்கும். அது முடிந்த பிறகுதான் பேச்சு. ஒருவர் சொல்லும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது. கேள்வியும் விவாதமும் கடைசியில்.

இதன் பலன் 2007-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியானது. பழைய முறையில் 23, புது முறையில் 27 என மொத்தம் 50 தடவை ஒப்பிட்டிருந்தார்கள். கருவி தொடர்பான பிழைகள் சராசரியாக 5.42-லிருந்து 3.15 ஆகக் குறைந்தன. சொல்லாமல் விடுபட்ட தகவல்கள் 2.09-லிருந்து 1.07 ஆகப் பாதியாகின. படிப்படியாகச் செய்தால் நேரம் கூடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால், 10.8 நிமிடங்கள் ஆன வேலை 9.4 நிமிடங்களில் முடிந்தது. பிழை பூஜ்யம் ஆகவில்லைதான். 50 என்பது சின்ன எண்ணிக்கைதான். இருந்தாலும், புதிதாக ஒரு மெஷின்கூட வாங்காமல் கிடைத்த பலன் இது.

அதற்கும் முன்பே, 1980-களில், விபத்தில் அடிபட்டு வருபவர்களுக்குச் சிகிச்சை தரும் காட்சியைப் படம் பிடித்து, டீமே உட்கார்ந்து பார்க்கும் வழக்கம் அமெரிக்காவில் தொடங்கிவிட்டது. அது எல்லா இடத்திலும் நிலைக்கவில்லை. அந்த டேப் நாளை கோர்ட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்ற பயத்தில் சில மருத்துவமனைகள் நிறுத்திக்கொண்டன.

அந்தப் பயம் நம் ஊர் ஊழியர்களுக்கும் நன்றாகப் புரியும். தலைக்குமேல் சி.சி.டி.வி இருக்கும் கடையில் வேலை பார்ப்பவர், கேமரா என்றாலே மாட்டிவிடும் சாதனம் என்றுதான் நினைப்பார். முதலாளி தன் அறையில் தனியாகப் பார்த்து, பிறகு கூப்பிட்டுத் திட்டினால், மறுநாளிலிருந்து எல்லோரும் கேமராவுக்காக வேலை செய்வார்கள். அந்தப் படத்தால் கூட்டு வேலைக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. படத்தில் இருப்பவர்கள்தான் அதை முதலில் பார்க்க வேண்டும், மேனேஜரும் அந்தப் படத்தில் இருக்க வேண்டும், சம்பள உயர்வு பேசும்போது அதை இழுக்கக் கூடாது, பார்த்து முடித்ததும் அழித்துவிட வேண்டும். இந்த வாக்குறுதிகளை கேமராவை வைப்பதற்கு முன்பே கொடுத்துவிடுவது நல்லது.

செலவும் அதிகமில்லை. ஒரு ஸ்மார்ட்போனும் அதை நிறுத்திவைக்க ஒரு ஸ்டாண்டும் போதும். நாள் முழுக்கப் படம் பிடித்தால் பார்க்க ஆள் இருக்காது. மில்லில் ஷிஃப்ட் மாறும் பத்து நிமிடம், ஹோட்டலில் ஆர்டர் அடுப்படிக்குப் போகும் இடம், கொரியர் ஆபீஸில் பார்சல் கைமாறும் மேஜை என ஒருவர் வேலை இன்னொருவரிடம் போகும் இடத்தில் வைத்தால் போதும். முகத்துக்கு நேராகக்கூட வைக்க வேண்டாம். யார் எங்கே நிற்கிறார்கள், எத்தனை பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், கடைசியில் சாவி யார் கையில் இருக்கிறது என்பது தெரிந்தால் சரி.