குடிக்காதவரும் 'குடிகாரர்' ஆகலாம்! போலீசாரின் ஊதும் கருவியை எவ்வளவு நம்பலாம்?

சென்னையில் இரவு பத்து மணிக்கு மேல் வண்டி ஓட்டுகிறவர்களுக்குப் பழகிப்போன காட்சி இது.

பாலம் இறங்கும் இடத்தில் இரும்புத் தடுப்பு. பக்கத்தில் நாலைந்து போலீசார். "வண்டியை ஓரங்கட்டுங்க. இதுல ஊதுங்க. இன்னும் நல்லா... நிறுத்தாம ஊதுங்க."

ஊதி முடித்ததும் கருவியில் ஓர் எண் தெரிகிறது. அது 30-ஐத் தாண்டிவிட்டால் ரூ.10 ஆயிரம் போச்சு! வண்டியும் போலீஸ் நிலையத்துக்குப் போய்விடும்.

குடித்துவிட்டு ஓட்டும் ஆசாமிக்கு இது வேண்டியதுதான். குடிக்காதவருக்கு அந்த எண் வந்தால்?

2023-ம் ஆண்டு ஜனவரி மாதம் சென்னையில் அப்படியே நடந்தது. அதன் விவரம் வருமாறு:-

இரவு வாகன சோதனையில் காரில் வந்த வாலிபர் ஒருவரைப் போலீசார் நிறுத்தி ஊதச் சொன்னார்கள். அவர் குடித்திருப்பதாகக் கருவி காட்டியது. வாலிபருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் குடிக்கவே இல்லை" என்று வாதாடினார். வேறு கருவியைக் கொண்டு வரச் சொன்னார். அதில் ஊதினார். பூஜ்யம்!

இந்தக் காட்சி செல்போனில் படமாகி ஊரெங்கும் பரவி பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. கருவிகளைச் சரிபார்ப்பதாகப் போலீஸ் தரப்பில் அறிவித்தார்கள்.

அந்த வாலிபருக்கு வாதாடத் தைரியம் இருந்தது. பக்கத்தில் இன்னொரு கருவியும் இருந்தது. இரண்டில் ஒன்று இல்லாமல் போயிருந்தால் அவர் கதி என்ன?

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகன சட்டம் 185-வது பிரிவின்படி, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். 1994-ல் வந்த திருத்தத்தில் இந்த அளவு வைக்கப்பட்டது. முதல் தடவை மாட்டினால் ரூ.10 ஆயிரம் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் ரூ.15 ஆயிரம், அல்லது 2 வருடம் வரை ஜெயில், அல்லது இரண்டும். 2019-க்கு முன்பு முதல் தடவைக்கான அபராதம் ரூ.2 ஆயிரம்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சட்டம் பேசுவது ரத்தத்தைப் பற்றி. போலீசார் சோதிப்பதோ மூச்சை! மூச்சில் இருப்பதை வைத்து ரத்தத்தில் இவ்வளவு இருக்கும் என்று கருவி கணக்குப் போடுகிறது.

கருவிக்குள்ளே பிளாட்டினம் பூசிய தகடுகள் இருக்கின்றன. மூச்சில் வரும் ஆல்கஹால் அதில் பட்டதும் மாற்றமடைந்து சிறிதளவு மின்சாரம் உண்டாகும். ஆல்கஹால் அதிகம் என்றால் மின்சாரமும் அதிகம். அதை எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த போர்க்கன்ஸ்டைன் என்பவர் 1954-ல் இப்படி ஊதிப் பார்க்கும் கருவியைச் செய்தார். அவருடைய கருவியில் ஆல்கஹாலில் இருந்து மின்சாரம் உண்டாகும் முறை கிடையாது. ரசாயனக் கரைசலின் நிறம் மாறுவதை வைத்து அளவு பார்த்தார்கள்.

ஆளுக்கு ஆள் கணக்கு மாறும்!

2,100 மில்லி மூச்சுக் காற்றில் இருக்கும் ஆல்கஹாலும் 1 மில்லி ரத்தத்தில் இருக்கும் ஆல்கஹாலும் ஒன்று. இதுதான் கருவிக்குள் வழக்கமாக வைத்திருக்கும் கணக்கு.

ஆனால் எல்லோர் உடம்பும் ஒன்றா? ஒருவருக்கு 2,300 இருக்கும். இன்னொருவருக்கு 1,700 இருக்கும். 1,700 உள்ளவர் ஊதினால் கருவி 35 என்று காட்டும். ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் 28-தான் இருக்கும். 28 என்றால் வழக்கே கிடையாது. 35 என்றால் ரூ.10 ஆயிரம்!

உண்மையைச் சொல்வதென்றால், பலருக்கு இந்தக் கணக்கு சாதகமாகவே இருக்கிறது. ரத்தத்தில் உள்ளதைவிடக் குறைவாகவே கருவி காட்டுகிறது. குடித்த சூட்டோடு, வயிற்றில் இருந்து ஆல்கஹால் ரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஊதினால்தான் கூடுதலாகக் காட்டும். காய்ச்சல் அடித்தாலும் கூடும். மூச்சைப் பிடித்து வைத்திருந்து ஊதினாலும் கூடும்.

ஆகவே 150, 200 என்று எண் வருகிறவர் இதையெல்லாம் சாக்காகச் சொல்ல முடியாது. அவர் குடித்திருக்கிறார். தகராறெல்லாம் 30-ஐ ஒட்டி வரும் எண்களில்தான்.

பலாப்பழம் செய்த வேலை

குடிக்காதவர்கள் மாட்டுவதற்கு முக்கியக் காரணம் வாய். ரத்தத்தில் சொட்டுக்கூட இல்லாவிட்டாலும் வாயில் ஆல்கஹால் ஒட்டியிருந்தால் போதும். நுரையீரலில் இருந்து வந்ததா, பல்லிடுக்கில் இருந்து வந்ததா என்று சாதாரணக் கருவிக்குத் தெரியாது.

கேரள மாநிலம் பந்தளத்தில் அரசு பஸ் டெப்போவில் 2025 ஜூலையில் நடந்த கூத்து இது. டூட்டிக்கு வந்த டிரைவர்களை ஊதச் சொன்னபோது சிலர் குடித்திருப்பதாகக் கருவி காட்டியது. அந்த டிரைவர்கள் சத்தியம் செய்தார்கள். காலையில் அவர்கள் தின்றது நன்றாகப் பழுத்த பலாப்பழம்! சந்தேகம் வந்து, ஊதிப் பூஜ்யம் காட்டிய ஒருவருக்குப் பலாச்சுளையைக் கொடுத்துத் தின்னச் சொல்லி மறுபடி ஊத வைத்தார்கள். அவரும் 'குடிகாரர்' ஆகிவிட்டார்!

பழம் அளவுக்கு மீறிப் பழுத்தால் அதில் உள்ள சர்க்கரை புளித்து ஆல்கஹால் ஆகிறது. அதுதான் காரணம்.

பலாப்பழம் மட்டும் அல்ல. தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்களில் இயற்கையாகவே ஆல்கஹால் உண்டு. ஓமியோபதி சொட்டு மருந்துகள், வாய் கொப்பளிக்கும் சில மருந்துகள், சிலவகை ஆஸ்துமா 'ஸ்பிரே' எல்லாம் இதே வேலையைச் செய்யும்.

வாயில் ஒட்டிய ஆல்கஹால் 15 நிமிடத்தில் போய்விடும். எனவே 15 நிமிடம் உட்கார வைத்து மறுபடி ஊதச் சொன்னால் உண்மை வெளியே வந்துவிடும். ஆனால் வரிசையில் இருபது வண்டி நிற்கும்போது யார் காத்திருக்க விடுகிறார்கள்?

வெறும் காற்று 'குடித்த' கதை

கருவியே கெட்டிருந்தால் 15 நிமிடம் காத்திருந்தும் பயன் இல்லை.

ஆள் ஊதுவதற்கு முன்பு கருவி வெறும் காற்றை இழுத்துப் பார்க்க வேண்டும். அதில் பூஜ்யம் வர வேண்டும். கேரள ஐகோர்ட்டுக்கு 2025-ல் வந்த ஒரு வழக்கில், வெறும் காற்றுக்கே கருவி காட்டிய எண் 412! ஒரு மனிதர் ரத்தத்தில் அவ்வளவு இருந்தால் அவர் வண்டி ஓட்ட மாட்டார், ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடிக்கொண்டிருப்பார். அந்தக் கருவியிலேயே டிரைவரை ஊத வைத்து வழக்கும் போட்டுவிட்டார்கள். ஐகோர்ட்டு அந்த வழக்கை ரத்து செய்தது.

வெளிநாட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் கருவிகளைச் சரிபார்க்கும் போலீஸ் அதிகாரி ஒருவர், தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டிய ஒரு படியைத் தாண்டிவிட்டார். 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சோதனைகளை நம்ப முடியாது என்று 2018-ல் அந்த மாநில சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2023-ல் இதேபோன்ற தீர்ப்பு. அதில் சிக்கிய வழக்குகள் சுமார் 27 ஆயிரம்.

மளிகைக் கடைக்காரரின் தராசுக்கு வருடா வருடம் முத்திரை வேண்டும். முத்திரை இல்லாமல் நூறு கிராம் சீரகம் நிறுத்தால் அபராதம். ஒரு மனிதரை ஜெயிலுக்கு அனுப்பக்கூடிய கருவிக்கும் அதுபோல் ஆண்டுதோறும் சோதனையும் முத்திரையும் வேண்டும் என்று மத்திய நுகர்வோர் துறை வரைவு விதி வெளியிட்டதே 2024-ல்தான்!

ரத்தப் பரிசோதனை

மூச்சு சோதனை என்பது ரத்தத்தில் ஆல்கஹால் இருப்பதற்கான ஓர் 'அறிகுறியை'ப் பெறுவதற்காக என்றே சட்டத்தின் 203-வது பிரிவு சொல்கிறது. 204-வது பிரிவு ரத்தப் பரிசோதனைக்கு வழி வைத்திருக்கிறது. கைதானவரை 2 மணி நேரத்துக்குள் டாக்டர் பரிசோதிக்க வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும் என்பது 202-வது பிரிவு.

1971-ல் பம்பாய் விபத்து வழக்கு ஒன்றில், வாயில் வாடை, தள்ளாட்டம், பேச்சில் குழறல் ஆகியவற்றை மட்டும் வைத்துக் குடிபோதை என்று முடிவு கட்ட முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டு கூறியது. ரத்தம், சிறுநீர் பரிசோதனை முடிவுகள் அந்த வழக்கில் கோர்ட்டுக்கு வரவே இல்லை.

அதற்காக ஊதாமல் ஓடிவிட்டால் தப்பிக்கலாம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். ஊத மறுப்பவரை வாரண்டு இல்லாமல் கைது செய்யலாம். சோதனையே நடக்காவிட்டாலும், டிரைவர் போதையில் இருந்தார் என்பதை மற்ற ஆதாரங்களால் நிரூபித்து இன்சூரன்சு கம்பெனி பணம் தர மறுக்கலாம் என்று 2021-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லியிருக்கிறது.

ஆக, குடிக்காமல் மாட்டுகிறவர் செய்யக்கூடியது கேட்பதுதான். முதலில் வெறும் காற்றுக்குக் கருவி பூஜ்யம் காட்டுகிறதா? குழல் புதிதா? 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதலாமா, வேறு கருவி இருக்கிறதா? அதற்கும் மசியவில்லை என்றால் ரத்தப் பரிசோதனை. அதையும் உடனே கேட்க வேண்டும். மணிக்கு 10 முதல் 20 மில்லி கிராம் வரை ரத்தத்தில் ஆல்கஹால் இறங்கிக்கொண்டே இருக்கும். விடிந்த பிறகு எடுத்த ரத்தம் யார் பக்கமும் பேசாது.

ஆனால் ரோட்டோரத்தில் பெரும்பாலும் கைதும் இல்லை, டாக்டரும் இல்லை. சீட்டைக் கையில் கொடுத்து, வண்டியை வைத்துக்கொண்டு, "கோர்ட்டில் கட்டிவிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். வாடகை ஆட்டோ ஓட்டுகிறவர் வழக்கு நடத்த வேண்டுமானால் வக்கீலைப் பிடிக்க வேண்டும். நாலு வாய்தாவுக்கு நாலு நாள் சவாரி போய்விடும். அதுவரை வண்டி போலீஸ் நிலைய வாசலில் வெயிலில் காயும். வட்டிக்காவது ரூ.10 ஆயிரம் வாங்கி, குடித்ததாக ஒப்புக்கொண்டு கட்டினால் சாயங்காலமே சாவி கைக்கு வந்துவிடும்.