நடந்து காணும் காப்பியம்

நூலைப் படிப்போன் ஆசிரியர் வகுத்த வழியே செல்கின்றான். நாடகத்தைக் காண்போன் இருந்த இடத்திலிருந்தே காண்கின்றான். இக்காலத்துக் கணனி விளையாட்டோ மூன்றாவதொரு முறையைத் தந்துள்ளது. ஆங்கே இலக்கியம் ஓர் ஊராக விரிகின்றது. விளையாடுவோன் தான் விரும்பிய திசையில் நடந்து, விரும்பிய கதவைத் தட்டிக் கதையைத் தானே தேடிக் காண்கின்றான். இம்முயற்சி மலைநாட்டு மாணவராகிய நமக்கு எவ்வகையில் உரியது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்க எழுத்தாளர் தோரோ 1845 ஆம் ஆண்டு ஜூலை 4 ஆம் நாள் வால்டன் குளக்கரையில் ஒரு குடிலிற் குடியேறினார். ஈராண்டுகளுக்கு மேல் அங்கு எளிய வாழ்வு நடத்தி, அவ்வனுபவத்தை 1854 இல் நூலாக வெளியிட்டார். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியை திரேசி புல்லர்ட்டன் தலைமையிலான குழுவினர் அந்நூலை 2017 இல் கணனி விளையாட்டாக ஆக்கி அளித்தனர். விளையாடுவோன் உணவும் விறகும் தேடவேண்டும், குடிலைச் செப்பனிடவேண்டும். ஆயினும், பொழுதையெல்லாம் இவற்றிலேயே கழிப்பானாயின் காட்டின் நிறங்கள் மங்கிவிடுகின்றன. மரத்தையும் பறவையையும் நின்று நோக்கினால் அவை மீண்டும் ஒளி பெறுகின்றன. நூல் சொல்லால் உணர்த்தியதை விளையாட்டு விதியால் உணர்த்துகின்றது. இக்கலையின் உயிர்நிலை இதுவே. காட்டை அழகுற வரைதல் மட்டும் போதாது. நூலின் கருத்து அவ்வுலகின் விதியாதல் வேண்டும்.

இஃது நமக்கு முற்றிலும் புதியதன்று. மாசி மாதத்தில் நம் தோட்டங்களில் நிகழும் காமன் கூத்தை நினைவுகூர்வோமாக. கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் காமதகனப் படலமாக விளங்குவதும், காளிதாசர் குமாரசம்பவத்திற் பாடியதும் இக்கதையே. தேவர்களின் வேண்டுகோளை மறுக்க இயலாத மன்மதன், மனமின்றிச் சென்று, தவத்திலிருக்கும் சிவபெருமான்மீது மலரம்பு எய்கின்றான். நெற்றிக்கண் திறக்கச் சாம்பலாகின்றான்.

தோட்டத்தில் இக்கதை மேடையொன்றில் அடங்கி நிற்பதில்லை. அமாவாசைக்குப் பின் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றப்பட்டதும் தோட்டம் முழுவதுமே கதைக்களமாகின்றது. தப்பு முழங்க ரதியும் மதனும் லயம் லயமாக வந்து வாசல்தோறும் ஆடுகின்றனர். பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும் சிறுவன் தப்பொலி கேட்டு ஓடிவந்து அவர்களுடன் அடுத்த லயத்துக்கு நடக்கின்றான். வேலையாற் களைத்தவர் இஸ்தோப்பில் அமர்ந்தே பார்க்கின்றனர். இறுதி இரவில் யாவரும் பொட்டலிற் கூடக் காமன் எரிகின்றான்; ரதியின் புலம்பல் எழுகின்றது. அவ்வழியே இரவெல்லாம் நடந்தவர் நம் பழைய மாணவருள் பலர் இருப்பர். புராணத்தை நடந்து காணும் உலகமாக்கும் கலையை நம் பாட்டன்மார் கணனியின்றியே கைவரப் பெற்றிருந்தனர்.

இனி, இக்கூத்தைக் கணனி விளையாட்டாக்குவதெனின் எங்ஙனம் செய்வது? மதனின் கையில் வில்லைக் கொடுத்து, எய்த அம்புக்கெல்லாம் புள்ளி வழங்குதல் எளிது. அங்ஙனம் செய்தால் கதை கெடும். ஏனைய விளையாட்டுகளில் குறி தவறாத அம்பு வெற்றி தரும். இக்கதையிலோ குறி தவறாத அம்பே எய்தவனை எரிக்கின்றது. ஆதலின் அவ்வுலகில் அம்பு ஒன்றே இருத்தல் வேண்டும். அதை எய்யும் நேரம் நெருங்க நெருங்க விளையாடுவோன் தயங்குதல் வேண்டும்.

விளையாடுவோன் விரும்பினால் காமனைக் காப்பாற்றலாமா என்று மாணவர் வினவக்கூடும். தஞ்சைப் பகுதியில் ‘எரிந்த கட்சி’, ‘எரியாத கட்சி’ எனப் பிரிந்து இரவெல்லாம் லாவணி பாடுவதுண்டு. வாதிடும் உரிமை யாவர்க்கும் உண்டு. எனினும் காமதகனம் நின்றுவிடுவதில்லை. விளையாட்டுக்கும் இதுவே தக்க நெறி. முடிவை மாற்றும் உரிமையிலும், யாருடன் நடந்து அம்முடிவை அடைவது என்னும் உரிமையே பெரிது. மதனுடன் நடப்போன் அச்சத்தை அறிவான். ரதியுடன் நடப்போன் பிரிவை அறிவான். தப்படிப்போருடன் நடப்போன் தோட்டத்தையே அறிவான்.

இதனை இப்பொழுதே எண்ணவேண்டிய காரணமும் உண்டு. லயங்கள் பல இடங்களில் தனி வீடுகளாக மாறி வருகின்றன. அது வேண்டிய மாற்றமே. இளைஞரும் தொழில் நாடிக் கொழும்புக்கும் கடல் கடந்தும் செல்கின்றனர். கந்தபுராணம் அச்சில் உள்ளது, அது அழியாது. எந்த வாசலில் எந்தப் பாட்டு, எந்தத் திருப்பத்தில் எந்த அடி என்பனவோ கூத்து வாத்தியார்களின் நினைவிலேயே உள்ளன. அவர்கள் இசைவுடன் அவற்றைக் கேட்டு எழுதி, பாதைகளை வரைபடமாக்கி, பாடல்களை ஒலிப்பதிவு செய்தல் மாணவர்க்கு இயலாததன்று. கணனித் துறையில் வல்லவரான பழைய மாணவர் அவர்களுக்குத் துணை நிற்பாராக. விளையாட்டு பின்னர் உருவாகட்டும். நடந்த பாதைகளை முதலிற் காப்போம்.