நிழலில் விளைந்த குற்றப்படங்கள்

1940களின் அமெரிக்கக் குற்றப்படங்களில் ஆழ்ந்த நிழலும், அறம் பிறழ்ந்த நாயகனும், ஆணை அழிவுக்கு இழுக்கும் பெண்ணும் கூடி உருவான பாணியே ‘நுவார்’ எனப்படுவது. அதன் சாயலை எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ 1954இலேயே, பாடல் ஒன்றுமின்றி, தமிழில் காட்டிவிட்டது. அப்பாணியை வண்ணத்திலும் சமகால வாழ்விலும் புதுப்பிக்கும் ‘நியோ நுவார்’ வகைக்குத் தியாகராஜன் குமாரராஜாவின் ‘ஆரண்ய காண்டம்’ (2011) தலைசிறந்த தமிழ்ச் சான்றாகும். வடசென்னைக் கும்பல்களின் ஒருநாள் மோதலைச் சொல்லும் அப்படத்தில், முதுமையடைந்த தலைவன் சிங்கப்பெருமாளிடம் வதைபடும் சுப்பு, ஆண்கள் ஒருவரையொருவர் வேட்டையாடிக்கொண்டிருக்கையில், பேதையெனத் தோன்றியபடியே அனைவரையும் வென்று தப்புகிறாள்; பழைய ஹாலிவுட்டோ, இத்தகைய பெண்ணைப் பெரும்பாலும் தண்டித்தே கதையை முடித்தது. திரையரங்குகளில் தோல்வியுற்ற பின்னரே, அறிமுக இயக்குநருக்கும் படத்தொகுப்புக்குமான தேசிய விருதுகள் இப்படத்தைத் தேடிவந்தன.